இரைச்சலுக்கு அடியில்

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிற்றலை வாங்கியை 7.074 மெகாஹெர்ட்ஸில் வைத்து, மேல் பக்கப்பட்டையைத் தேர்ந்துகொண்டு காது கொடுத்தால் மனிதக் குரல் எதுவும் கேட்காது. விசில் கேட்கும். ஒன்றல்ல, பத்து இருபது விசில்கள், வெவ்வேறு சுருதியில், ஒவ்வொன்றும் லேசாக நடுங்கியபடி. பன்னிரண்டரை நொடி ஒலித்துவிட்டு எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். இரண்டு நொடி அமைதி. பிறகு வேறு ஒரு கூட்டம் ஒன்றாகத் தொடங்கும். ஜப்பானில் ஒருவர், இத்தாலியில் ஒருவர், இந்தோனேசியாவில் ஒருவர், கேரளத்தில் ஒருவர். ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பலருக்குப் பொதுமொழிகூட இல்லை. கை அசைத்துத் தாளம் காட்ட நடுவில் யாரும் நிற்கவும் இல்லை. ஆனாலும் நிமிடத்துக்கு நான்கு முறை, 0, 15, 30, 45 ஆகிய நொடிகளில், தப்பாமல் சேர்ந்து எடுக்கிறார்கள், சேர்ந்து விடுகிறார்கள்.

இது எஃப்டி8. ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இன்று மிக அதிகமாகப் பயன்படுத்தும் டிஜிட்டல் முறைகளில் ஒன்று. 2017இல் ஸ்டீவ் ஃபிராங்க், ஜோ டெய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஹாம்கள் வெளியிட்டார்கள். பெயரில் உள்ள எஃப்பும் டியும் அவர்கள்தாம். எட்டு என்பது அது பயன்படுத்தும் தொனிகளின் எண்ணிக்கை. டெய்லர் வானியல் உலகுக்கு வேறு வகையில் தெரிந்தவர். இரட்டைப் பல்சார் ஒன்றைக் கண்டுபிடித்ததற்காக 1993இல் ரஸல் ஹல்ஸுடன் இயற்பியல் நோபல் பெற்றவர். அதை அவர்கள் கண்டது 1974இல், அரெசிபோ வானொலித் தொலைநோக்கியில். விண்வெளி இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் மிக மெல்லிய துடிப்பைத் தோண்டி எடுப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், ஓய்வுக்காலத்தில் ஹாம்களுக்கு அதே வித்தையைச் சொல்லிக்கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, 7.074 என்று யார் சொன்னது? சட்டம் சொல்லவில்லை. இந்தியாவில் ஹாம் உரிமம் வைத்திருப்பவருக்கு அரசு 7.000 முதல் 7.200 வரை ஒரு பட்டையைக் கொடுத்து, இன்ன சக்திக்கு மேல் போகாதே என்கிறது. அதற்குள் எந்த எண்ணில் எதைச் செய்வது என்பதை ஹாம்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். 1925இல் பாரிஸில் தொடங்கப்பட்ட சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் உலகை மூன்று பிரதேசங்களாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டைத் திட்டம் வைத்திருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் மூன்றாம் பிரதேசம். அந்தத் திட்டத்தை மீறினால் பெரும்பாலான நாடுகளில் அபராதமோ வழக்கோ கிடையாது. மற்ற ஹாம்களின் முகச்சுளிப்பு மட்டும் உண்டு. அதுவும் கண்ணுக்குத் தெரியாத முகச்சுளிப்பு.

எஃப்டி8 விஷயத்தில் ஒன்றியக் கூட்டம்கூட முன்னால் வரவில்லை. டெய்லரும் கூட்டாளிகளும் இலவசமாகத் தரும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் பட்டைக்கு ஓர் எண் என ஒரு பட்டியல் ஏற்கெனவே நிரப்பப்பட்டு வருகிறது: 3.573, 7.074, 10.136, 14.074, 18.100, 21.074, 24.915, 28.074. மென்பொருளை இறக்கி நிறுவியவர் பட்டியலைத் திறந்தார், ஒன்றைச் சொடுக்கினார், அங்கே போய் நின்றார். உலகமே அப்படித்தான் அங்கே போய் நின்றது. முன்பெல்லாம் இப்படி ஒரு வழக்கம் ஊன்றப் பத்திரிகைக் கட்டுரைகளும், மாநாட்டுத் தீர்மானங்களும், பத்து வருடச் சண்டையும் வேண்டியிருந்தன. இன்று மென்பொருளில் முன்கூட்டியே நிரப்பிவைத்த ஒரு கட்டம் போதும். எனக்கு இதில் கொஞ்சம் அச்சமும் உண்டு. தேர்ந்தெடுக்காமலே ஒப்புக்கொள்வது எவ்வளவு சுலபமாகிவிட்டது!

ஆனால் ஒப்புக்கொண்டதன் பயனை மறுக்க முடியாது. திருவிழாவுக்குக் கூட்டிப்போகும்போது பிள்ளைகளிடம் பெரியவர்கள் சொல்வார்கள்: “கூட்டத்துல தொலைஞ்சுட்டா எங்கயும் அலையாத, தேரடிக்கு வந்து நில்லு.” தேரடிதான் சிறந்த இடம் என்பதற்காக அல்ல. கோபுர வாசலையும் சொல்லியிருக்கலாம், குளத்துப் படியையும் சொல்லியிருக்கலாம். இருவருக்கும் அதே இடம் மனதில் இருக்க வேண்டும், அவ்வளவே. 7.074இலும் விசேஷம் எதுவும் இல்லை. அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் அயனமண்டலம் அந்த எண்ணைத் தனியாகக் கவனிப்பதில்லை. 7.071இல் அனுப்பினாலும் அலை அதே தூரம்தான் போகும். அங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள், அதுதான் வித்தியாசம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கருவியின் முகப்பில் 7.074 என்று எண் ஒளிர்கிறதே, அந்த இடத்தில் உண்மையில் எதுவுமே இல்லை.

வானொலி அலையில் ஒலியை ஏற்றும்போது நடுவில் ஓர் ஊர்தி அலையும், அதன் இருபுறமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரண்டு பக்கப்பட்டைகளும் உண்டாகின்றன. இரண்டு பக்கமும் இருப்பது ஒரே செய்தி. ஊர்தி அலையிலோ செய்தியே கிடையாது. ஆனால் அனுப்பும் சக்தியில் பெரும்பங்கை விழுங்குவது அதுதான். ஹாம்கள் சிக்கனக்காரர்கள். ஊர்தியையும் ஒரு பக்கத்தையும் வெட்டிவிட்டு மிச்சமிருக்கும் ஒரே பக்கத்தை மட்டும் அனுப்பப் பழகினார்கள். மேல்பக்கத்தை அனுப்பினால் யுஎஸ்பி (கணினி ஒயர் அல்ல), கீழ்ப்பக்கத்தை அனுப்பினால் எல்எஸ்பி. முகப்பில் தெரியும் எண், வெட்டி எறிந்த அந்த ஊர்தி இருந்திருக்கவேண்டிய இடம். 7.074இல் யுஎஸ்பி வைத்து, கணினியிலிருந்து 1500 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றைக் கொடுத்தால் ஆன்டெனாவிலிருந்து கிளம்புவது 7.0755. அதே தொனியை எல்எஸ்பியில் கொடுத்தால் 7.0725. கேட்பவர், அனுப்பப்படாத ஊர்தியைத் தன் கருவிக்குள்ளேயே உண்டாக்கி, சரியான இடத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தள்ளிப் பொருத்தினால் பேச்சு வாத்துக் குரலாகும். பக்கத்தையே மாற்றிப் பொருத்தினால் ஒரு சொல்கூடப் புரியாது.

எந்தப் பக்கம் என்பதில் ஹாம்களுக்கு ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பேச்சுக்கு, 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்பி, மேலே யுஎஸ்பி. ஏன் என்று கேட்டால் மூத்த ஹாம்கள் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்துக் கருவிகளில் ஒருபக்கப்பட்டைச் சமிக்ஞையை 9 மெகாஹெர்ட்ஸில் தயாரிப்பார்கள். 5 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றி ஒன்றோடு அதைக் கலப்பார்கள். கூட்டினால் 14, கழித்தால் 4. ஒரே கருவியில் இரண்டு பட்டை கிடைத்துவிடும். கழிக்கும்போது பக்கம் தானாகத் தலைகீழாகிவிடும், அதனால்தான் கீழே எல்எஸ்பி, மேலே யுஎஸ்பி என்று முடியும் கதை.

கேட்க அழகாக இருக்கிறது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டால் இடிக்கிறது. 9.001இலிருந்து 5ஐக் கழித்தால் 4.001. மேலே இருந்தது மேலேயே இருக்கிறது, எதுவும் திரும்பவில்லை. அலையியற்றியிலிருந்து சமிக்ஞையைக் கழித்தால்தான் பக்கம் மாறும். அதாவது சமிக்ஞை 5இலும் அலையியற்றி 9இலும் இருந்திருக்க வேண்டும்: 9இலிருந்து 5.001 போனால் 3.999. அப்படி அமைத்த கருவிக்கு மட்டுமே கதை பொருந்தும். பலரும் எண்களை இடம் மாற்றித்தான் சொல்கிறார்கள், கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். காரணம் பிழையாகச் சொல்லப்பட்டாலும் வழக்கத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. இன்றைய கருவிகளில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒரு பொத்தானில் கிடைக்கும். ஆனாலும் 40 மீட்டர் பட்டையில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில், பேச வருபவர் எல்எஸ்பியில்தான் வருகிறார். மற்றவர்கள் அங்கே எல்எஸ்பியில் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக. அந்த ஒரு காரணத்தில் பிழை காண முடியாது.

டிஜிட்டல் முறைகள் வந்தபோது இந்தப் பழைய கோட்டை அழித்துவிட்டு எல்லாப் பட்டையிலும் யுஎஸ்பி என்று வைத்துக்கொண்டார்கள். கணினித் தொனி கூடினால் வானில் போகும் அதிர்வெண்ணும் கூடும். கூட்டல் கணக்கு மட்டும் போதும். 1998 வாக்கில் பீட்டர் மார்ட்டினஸ் என்ற பிரிட்டிஷ் ஹாம் கொண்டுவந்த பிஎஸ்கே31க்கு உண்மையில் பக்கமே பொருட்டல்ல. தொனியின் கட்டம் புரண்டதா, இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் முறை அது. கண்ணாடியில் பார்த்தாலும் புரளல் புரளல்தான். அதன் நான்கு கட்ட வடிவத்துக்குத்தான் பக்கம் சரியாக இருக்க வேண்டும். எஃப்டி8க்கு எப்போதுமே வேண்டும். புதிதாக வருபவர்கள் 40 மீட்டரில் பேசிப் பழகிய கையோடு எல்எஸ்பியை மாற்ற மறந்து உட்கார்ந்துவிடுவதுண்டு. 7.077இல் எல்எஸ்பி வைத்தால் 7.074க்கு மேலுள்ள அதே மூன்று கிலோஹெர்ட்ஸ் வட்டாரம்தான் வரும், ஆனால் தலைகீழாக. சமிக்ஞைகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் வாட்டர்ஃபால் திரையில் அதே மெல்லிய கோடுகள், அதே பதினைந்து நொடித் துண்டுகள். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. எழுத்து மட்டும் ஒன்றுகூட விழாது. எட்டுத் தொனிகளின் ஏற்ற இறக்கம் முழுவதும் புரண்டு கிடப்பதால் கணினிக்கு அது வெறும் சத்தம்.

இந்தக் கூட்டல் கணக்குக்குச் சேராமல் தனிக்குடித்தனம் நடத்தும் கிழவர் ஒருவர் உண்டு: ரிட்டி, அதாவது வானொலித் தட்டச்சு. இரும்புத் தட்டச்சு இயந்திரங்கள் அறையை அதிரவைத்த காலத்திலிருந்து வருபவர். ‘மார்க்’, ‘ஸ்பேஸ்’ என்று இரண்டே தொனிகள்: 2125 ஹெர்ட்ஸ், 2295 ஹெர்ட்ஸ். இடையில் 170. வானில் மார்க்தான் மேலே இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஒலியில் மார்க் கீழே இருக்கிறதே? எல்எஸ்பியில் வைத்தால் அது தானாக மேலே போய்விடும். ஆகவே ரிட்டி மட்டும் எந்தப் பட்டையிலும் எல்எஸ்பி. யுஎஸ்பியில் வைத்தவருக்குத் திரையில் எழுத்துகள் சரம் சரமாகக் கொட்டும். ஒன்றிலும் பொருள் இருக்காது. எஃப்டி8 மாதிரி மௌனமாக இருந்தாலாவது எங்கோ பிழை என்று தோன்றும். ரிட்டி உளறிக்கொண்டே இருக்கும்.

அதைவிட நுணுக்கமான ஒரு சிக்கல் எண் சொல்வதில் இருக்கிறது. “14085க்கு வாங்க” என்று ஒருவர் நண்பரிடம் சொல்கிறார். சொன்னவருடைய கருவி ரிட்டிக்கென்றே உள்ள எஃப்எஸ்கே நிலையில் இருக்கிறது; அதன் முகப்பு மார்க் நிற்கும் இடத்தை நேராகக் காட்டும். நண்பரோ கணினி ஒலியை எல்எஸ்பிக்குள் செலுத்துபவர். அவர் முகப்பு காட்டுவது இல்லாத ஊர்தியின் இடத்தை. அவருடைய மார்க் 2125 ஹெர்ட்ஸ் கீழே, 14.082875இல் போய் விழும். இருவரும் 14085இல்தான் இருக்கிறார்கள். இருவர் சொல்வதும் மெய். இருவருக்கும் இடையே இரண்டு கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போகிறார்கள். எண் ஒத்துப்போனால் போதாது, எதை எண்ணுகிறோம் என்பதும் ஒத்துப்போக வேண்டும் என்பதை எத்தனையோ குடும்பச் சண்டைகளிலும் பார்த்திருக்கிறோம். அங்கே ஒட்டுக்கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வாட்டர்ஃபால் திரை கிடையாது.

ஒத்துக்கொள்ள வழியே இல்லாத இருவர் எப்படிச் சந்திப்பார்கள்? இதை 1959இல் கோக்கோனி, மாரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கேட்டார்கள். வேறொரு விண்மீனைச் சுற்றும் கிரகத்தில் யாராவது நமக்குச் செய்தி அனுப்பினால் எந்த அதிர்வெண்ணில் அனுப்புவார்கள்? முன்கூட்டிப் பேசிக்கொள்ள வாய்ப்பில்லை. மென்பொருள் பட்டியலும் இல்லை. ஆகவே எண்ணிலேயே ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று அவர்கள் யோசித்தார்கள். பேரண்டத்தில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன். அது இயல்பாக உமிழும் வானொலி அலை 1420 மெகாஹெர்ட்ஸ். வானொலி தெரிந்த எவருக்கும் அந்த எண் தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டே ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் தொலைநோக்கியை அந்த எண்ணுக்குத் திருப்பி இரண்டு விண்மீன்களைக் கேட்டுப் பார்த்தார். எதுவும் வரவில்லை. அதை விடுங்கள். அந்நியரிடம் போகும்போது காரணத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. நம்மவரிடம் காரணமே இல்லாத ஓர் எண்ணோடு போகலாம்.

எஃப்டி8இல் ஒத்துக்கொள்வது எண்ணோடும் பக்கத்தோடும் முடிவதில்லை. நேரமும் ஒத்துக்கொள்ளப்பட்டது. கணினிக் கடிகாரம் இரண்டு நொடிக்கு மேல் பிசகினால் யாரையும் கேட்க முடியாது. திரையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரே அது எவ்வளவு முந்தியோ பிந்தியோ வந்தது என்று ஒரு சிறு எண் விழும். எல்லாருக்கும் 1.4, 1.5, 1.4 என்று வரிசையாக விழுந்தால் உலகம் முழுக்கத் தாமதமாக ஓடுகிறது என்று பொருள் அல்ல. நம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். செய்தியின் வடிவமும் ஒத்துக்கொள்ளப்பட்டது. ஒரு செய்திக்கு 77 பிட். அதில் ஒரு நிலையத்தின் அழைப்புக்குறிக்கு 28, மற்றதன் அழைப்புக்குறிக்கு 28, இடத்துக்கு 15. இடம் என்பது பூமியை இரண்டு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று கட்டம் போட்டுப் பெயர் வைத்தது: சென்னை என்கே03, கொழும்பு எம்ஜே96. ‘அழைக்கிறேன், நான் இன்னார், என்கே03’ என்பது முதல் செய்தி. அடுத்து எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று ஓர் எண். முடிவில் ‘ஆர்ஆர்73’: கிடைத்தது, வாழ்த்துகள். ஆர்ஆர்73 என்ற பெயரில் ஒரு கட்டமும் உண்டு. வரைபடத்தில் தேடினால் அது ஆர்க்டிக் கடலில், 83 டிகிரி வடக்கே கிடக்கிறது. அங்கிருந்து யாரும் கூப்பிடப்போவதில்லை, அதனால் விடைபெறும் சொல்லோடு குழப்பம் வராது.

இந்த 77 பிட்டை அப்படியே அனுப்புவதில்லை. பிழை கண்டுபிடிக்க 14 பிட், பிழை திருத்த 83 பிட் சேர்க்கிறார்கள்; மொத்தம் 174. சொல்ல வந்ததைவிடச் சொன்னதைத் தாங்கிப்பிடிப்பது அதிகம். அந்த 174ஐ 58 தொனிகளாக மாற்றி, முன்னும் நடுவிலும் பின்னும் ஏழு ஏழாக 21 தொனிகளைச் செருகுகிறார்கள். இந்த 21இல் செய்தி என்று எதுவும் இல்லை. உலகிலுள்ள எல்லா நிலையங்களுக்கும் ஒரே வரிசை, எல்லாருக்கும் முன்பே தெரிந்த வரிசை. ‘இதோ இங்கே இருக்கிறேன்’ என்பதைத் தவிர அது ஒன்றும் சொல்வதில்லை. ஆக 79 தொனிகளில் கால் பங்குக்கும் மேல் ஏற்கெனவே தெரிந்ததையே சொல்கின்றன.

வீணடிப்பு என்று தோன்றும். பலனைப் பார்த்தால் அப்படி இல்லை. 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் விழும் இரைச்சலோடு ஒப்பிட்டால் அதில் நூறில் ஒரு பங்கே வலு உள்ள சமிக்ஞையைக்கூட எஃப்டி8 படித்துவிடுகிறது. காதில் ஒன்றும் கேட்காது. வாட்டர்ஃபாலில் கோடு இருக்கிறதா இல்லையா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். ஆனால் பதினைந்தாவது நொடியில் திரையில் ஓர் அழைப்புக்குறி விழுகிறது, டெசிபல் கணக்கில் மைனஸ் 20 என்ற எண்ணோடு. இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒருவர் பெயர் சொல்லியிருக்கிறார்.

எப்படி முடிகிறது? சக்தியால் அல்ல. எங்கே தேட வேண்டும் என்று கணினிக்குத் தெரியும். எப்போது என்று தெரியும். எந்தப் பக்கம், எந்த எட்டுத் தொனிகள், எத்தனை பிட், எந்த இடத்தில் பெயர், எந்த இடத்தில் ஊர் என்று தெரியும். தெரியாதது 77 பிட் மட்டும். மென்பொருளில் இன்னும் ஒரு படி உண்டு. நாம் ஒரு நிலையத்தைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தால், அந்த நிலையம் நம் பெயரைச் சொல்லித்தான் பதில் தரும் என்று அது முன்கூட்டியே ஊகித்து, அந்த ஊகம் இரைச்சலுக்குள் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்க்கும். அப்போது இன்னும் மெல்லிய சமிக்ஞையும் பிடிபடும். அப்படிப் பிடித்ததற்குப் பக்கத்தில் ஒரு சிறு குறி போட்டு வைப்பார்கள். நம்பிக்கை குறைவென்றால் ஒரு கேள்விக்குறியும். எனக்கு அந்தக் கேள்விக்குறி மிகவும் பிடிக்கும். எதிர்பார்த்துக் காத்திருக்கும் காதுக்கு இல்லாததும் கேட்டுவிடலாம் என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அதில் இருக்கிறது.

இதை யோசிக்க யோசிக்க, நாம் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருப்பதைப் பற்றிய ஓர் உண்மை துலங்குகிறது. முன்கூட்டி ஒத்துக்கொண்டது எவ்வளவு அதிகமோ அவ்வளவு மெல்லச் சொன்னாலும் போய்ச் சேரும். ஒன்றையும் ஒத்துக்கொள்ளாதவரிடம் கத்த வேண்டும். கத்தினாலும் பாதிதான் புரியும். ஆனால் அதே கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. ஒத்துக்கொண்டது கூடக் கூட, புதிதாகச் சொல்ல இடம் குறைகிறது. எஃப்டி8இல் நம் விருப்பப்படி எதையாவது எழுத வேண்டுமென்றால் 13 எழுத்துக்குமேல் ஒரு செய்தியில் இடம் கிடையாது. பிஎஸ்கே31இல் மனம் போல் தட்டச்சு செய்து மழை, மகள் கல்யாணம், முட்டிவலி என்று மணிக்கணக்கில் அளக்கலாம். அதற்கு இன்னும் பலமான சமிக்ஞை வேண்டும். குரலில் சிரிக்கவும் தும்மவும்கூட முடியும். அதற்கு இன்னும் பல மடங்கு வேண்டும். மெல்லிய குரல், நிறையச் செய்தி, குறைந்த நேரம் மூன்றையும் ஒருசேரக் கொடுக்க இயற்கை சம்மதிப்பதில்லை.

பழைய ஹாம்கள் குறைப்பட்டுக்கொள்வது இதைத்தான். கணினியும் கணினியும் பெயர் சொல்லிக்கொள்கின்றன, இதில் மனிதன் எங்கே என்பார்கள். பாதி நியாயம். அந்த மூன்று கிலோஹெர்ட்ஸில் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டிருக்க, பட்டையின் மீதிப் பரப்பு காலியாகக் கிடக்கும் இரவுகள் உண்டு. அது போக, 7.074 என்ற இடமும் எல்லாருக்கும் சௌகரியமானதல்ல. நம் பிரதேசத்தில் 2009 மார்ச் வரை அந்தப் பட்டை 7.100இலேயே முடிந்துவிடும்; பேச்சும் மோர்ஸும் அந்த நூறு கிலோஹெர்ட்ஸுக்குள் தோளோடு தோள் இடித்து வாழ்ந்தன. அந்தப் பழைய குடியிருப்புக்குள்தான் புதியவர் வந்து கடை விரித்திருக்கிறார். 7.300 வரை இடம் உள்ள அமெரிக்காவிலிருந்து பார்த்தால் இது தெரியாது. வழக்கங்கள் நடுநிலையாகத் தோன்றினாலும் எங்கோ ஓரிடத்து மேசையில் இருந்துதான் புறப்படுகின்றன.

ஆனால் பெயர் சொல்லிக்கொள்வதில் ஒன்றும் இல்லை என்ற மீதிப் பாதியை நான் ஏற்க மாட்டேன். கல்யாண வீடுகளுக்கு வந்த வாழ்த்துத் தந்திகளை நினைத்துப் பார்க்கலாம். தபால் நிலையத்தில் வாழ்த்து வாசகங்களுக்கு எண் போட்ட பட்டியல் இருக்கும். இந்த எண் என்று சொன்னால் போதும், அந்தப் பக்கம் வாசகமாக அச்சாகிவிடும். வார்த்தைகள் அனுப்பியவருடையவை அல்ல என்பது பந்தலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். கடைசியில் வந்த பெயருக்காகத்தான் காத்திருந்தார்கள். 2013இல் தந்தி நின்றுபோனபோது அந்தப் பட்டியலும் போயிற்று. ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் 73ம் அதே குலத்தைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்திக்காரர்கள் விட்டுப்போன எண்.

பெயர் மட்டும் சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களும் உண்டு. 14.100இல் உலகில் எந்த ஹாமும் அனுப்பக் கூடாது என்பது வழக்கம். அங்கே உலகெங்கும் பரவிய 18 தானியங்கி நிலையங்கள் ஆளுக்குப் பத்து நொடி என்று முறைவைத்து மோர்ஸில் ஒலிக்கும். மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. அதில் ஒன்று கொழும்பில் உள்ள 4எஸ்7பி. தன் அழைப்புக்குறியை 100 வாட்டில் ஒரு முறை சொல்லும். பிறகு நான்கு நீண்ட கோடுகள்: முதலாவது 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி பத்தில் ஒரு வாட். எத்தனையாவது கோடு வரை கேட்கிறது என்று எண்ணினால் கொழும்புக்கும் நமக்கும் இடையே இன்று வானம் எப்படி என்று தெரிந்துவிடும். எந்த நொடியில் யார் முறை என்பது தெரிந்தால், அழைப்புக்குறி சரியாகக் காதில் விழாவிட்டாலும் அது கொழும்புதான் என்று சொல்லிவிடலாம். மற்றவர்கள் அந்த எண்ணில் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது. ஒத்துக்கொண்ட மௌனமும் இந்த ஏற்பாட்டில் ஒரு பங்கு.

2018இல் சிலர் எஃப்டி8இன் மெல்லிய குரலையும் விடக் கூடாது, நினைத்ததைப் பேசவும் வேண்டும் என்று ஜேஎஸ்8 என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதே எட்டுத் தொனி, அதே பதினைந்து நொடி. ஆனால் பெயர், ஊர், எண் என்ற கட்டங்களுக்குப் பதிலாக வாக்கியத்தையே துண்டு துண்டாக நறுக்கி அனுப்பலாம். இரண்டு வரி எழுதினால் முழுதாகப் போய்ச் சேர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். எதிர்முனையில் இருப்பவர் ஒவ்வொரு பதினைந்து நொடிக்கும் இரண்டு மூன்று சொல்லாக, வாக்கியம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பொறுமை உள்ளவர்கள் கூட்டத்தை விட்டு நான்கு கிலோஹெர்ட்ஸ் மேலே குடிபோனார்கள். அங்கேயும் யுஎஸ்பிதான். மனம் போல் பேச வந்தவர்களும் பேச்சைத் தொடங்கும் முன் ஓர் எண்ணுக்குத் தலையாட்ட வேண்டியிருந்தது: 7.078.